ஒன்பதாவது சக் கீ

துப்பாக்கி வாயைத் திறக்கவில்லை.

ஃபெபா பார்கோடு துப்பாக்கியின் விசையை மறுபடியும் அழுத்தினாள். சிவப்புக் கோடு ஒன்று சக் கீ என்ற இரும்புச் சாவியின் கைப்பிடி மேல் விழுந்து, லேசாக நடுங்கி, அப்படியே கிடந்தது. 'டிட்' என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும். வந்தால் கணினித் திரையில் சிவப்பாக இருக்கும் ஒரு பெயர் பச்சையாகும். வாங்கிப் போனவர் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். சத்தம் வரவில்லை. ஒன்பது பெயர்களும் மிளகாய்ப் பழம்போலச் சிவந்தே இருந்தன.

மணி ஒன்பதே முக்கால். நல்ல நேரம் பத்தரை வரை. அதற்கப்புறம் ராகு காலம். பத்தரைக்குள் ஆயுத பூஜை முடிந்து, டூல் ரூமில் இருக்கும், இரும்பைக் கடையும் ஒன்பது லேத்துகளும் ஒரு நிமிடமாவது ஓடியாக வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்ததும் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பச்சைப் பொத்தானை அழுத்துவார்கள். வெட்ட இரும்பு இல்லாமல், வெறுமனே, சாமிக்காக மெஷின்கள் சுற்றும்.

அவள் சாவியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். போன வாரம் அவள் கையாலேயே ஒட்டிய லேபிள் அங்கேதான் இருந்தது. ஆனால் அதில் கறுப்புக் கோடுகள் இல்லை. சட்டைப் பையிலேயே மறந்து துவைத்துவிட்ட பஸ் டிக்கெட்டைப்போல வெறும் வெள்ளைக் காகிதம். நடுவில் சந்தனமும் குங்குமமும்.

"என்னங்கண்ணா பண்ணீங்க இத?" ஜன்னலுக்கு வெளியே நின்ற சம்பங்கியைக் கேட்டாள். ஏழாம் நம்பர் லேத் அவனுடையது. இன்று புது வேட்டி கட்டியிருந்தான்.

"என்ன பண்ணுவாங்க? கழுவுனோம். நேத்து சாயந்திரம் ரெண்டு கேன் டீசல் ஊத்தி, பிரஷ் போட்டுத் தேச்சு... சாமிக்கு அழுக்கோடவா வெக்கறது? பளபளன்னு இல்ல?"

"லேபிளு?"

"அதும்தான் பளபளன்னு இருக்குது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபெபா அடுத்த சாவியை எடுத்துப் பார்த்தாள்; அதுவும் வெறும் வெள்ளை.

அவள் கெலமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள். ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியின் டூல் ஸ்டோர் ஜன்னலில் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் கான்ட்ராக்ட்தான். இரண்டு ஆயுத பூஜைகளை இதே ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். பொரி, கடலை, ஆப்பிள் பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். ஆனால் பூஜைக்கு முந்தின மாலை நடக்கும் அந்தப் பெரிய கழுவலை மட்டும் அவள் பார்த்ததே இல்லை. பஸ் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். கழுவல் அதன்பிறகுதான் தொடங்கும். யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

துப்பாக்கியை வைத்துவிட்டுக் கையால் எண்ண ஆரம்பித்தாள். ஸ்பானர்கள், டிரில்கள், அளவு பார்க்கும் கேஜ்கள் எதுவும் இப்போது முக்கியமில்லை. சக் கீ மட்டும் போதும்.

லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வட்டப் பிடிக்குச் சக் என்று பெயர். அதை இறுக்குவதற்கு முழங்கை நீளத்தில், குறுக்குக் கைப்பிடி வைத்த சாவி ஒன்று உண்டு. இறுக்கியதும் உருவிவிட வேண்டும். உருவ மறந்து பொத்தானை அழுத்தினால், சக் சுற்றுகிற வேகத்தில் சாவி கவண்கல்லாகிவிடும். யார் மேல் விழும் என்று அதற்கே தெரியாது.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை அது சின்னராஜ் மேல் விழுந்தது. மெஷினைச் சூடாக்கலாம் என்று வந்ததும் வராததுமாகப் பொத்தானை அழுத்தினார். சக்கில் சாவி நிற்பதைப் பார்க்கவில்லை. தோள்பட்டை எலும்பு மூன்றாக உடைந்தது. நான்கு விரல் மேலே பட்டிருந்தால் தலை.

விசாரணை நடந்தது. சனிக்கிழமை சாயந்திரம் ஒன்பது சாவியும் ஸ்டோருக்கு வந்ததாக ரெஜிஸ்டரில் டிக் இருந்தது. அப்படியானால் திங்கட்கிழமை சின்னராஜே யாருக்கும் சொல்லாமல் எடுத்துப்போய் மாட்டிவிட்டு மறந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். உடைந்த தோளோடு படுத்திருந்தவர் வீட்டுக்கு மெமோ போனது.

அந்த டிக்கைப் போட்டது ஃபெபா. அந்தச் சனிக்கிழமை ஜன்னலில் ஒரே கூட்டம்; பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "ஒம்போதும் வந்தாச்சு பாப்பா, டிக் போடு" என்று யாரோ கத்தினார்கள். திரும்பிச் சாவி மாட்டும் பலகையைப் பார்க்காமலே போட்டாள். யார் கத்தியது என்றுகூட நினைவில்லை. பேனா ஒன்பது முறை கீறியது மட்டும் கையில் நினைவிருக்கிறது. விசாரணையில் ரெஜிஸ்டரைக் காட்டி, "இது சரிதானேம்மா?" என்று கேட்டபோது தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு சொல்வதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு நாள் தாமதமாகிப் போனது.

அந்த விபத்துக்குப் பிறகுதான் ஜி.எம். பார்கோடு போடச் சொன்னார். எந்தச் சாமான் யார் கையில் இருக்கிறது என்று பொத்தானை அழுத்தினால் தெரிய வேண்டும். எந்த ஸ்கேனர் வாங்குவது என்பதை ஸ்டோர்ஸ் மேனேஜர் கமலக்கண்ணன் முடிவு செய்ய வேண்டும். சேலத்துக்காரர், எந்தக் காகிதத்திலும் கடைசியில்தான் கையெழுத்துப் போடுவார்.

"டெய்லி ஜன்னல்ல உக்கார்றவ நீதானம்மா? நீயே பாத்து ஒண்ணை எழுதிக் குடு. நான் மேல அனுப்பறேன்" என்றார். தப்பாகப் போனால் யார் பெயர் நிற்கும் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் மறுக்க முடியவில்லை. இதையாவது சரியாகச் செய்துவிட்டால் அந்த ஒன்பது டிக்கும் கொஞ்சம் அழியும் என்று ஒரு நப்பாசை.

டீலர் அனுப்பிய ராஜேஷ்குமார் ஊத்தங்கரைப் பையன். மூன்று ஸ்கேனர்களை மேசையில் பரப்பினான். எல்லாமே துப்பாக்கி வடிவம். முதலாவது ஒயர் வைத்தது; கோடு போட்ட லேபிளை மட்டும் படிக்கும். இரண்டாவதற்கு ஒயர் கிடையாது. கோட்டையும் படிக்கும், புள்ளி புள்ளியாக இருக்கும் சதுரத்தையும் படிக்கும், ஷெட்டில் எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். மூன்றாவதில் திரையெல்லாம் இருந்தது. அதைக் கமலக்கண்ணன் தொடக்கூட இல்லை.

ராஜேஷ்குமார் அவள் டிபன் பாக்ஸ் பக்கத்தில் கிடந்த ஊறுகாய்ப் பாக்கெட்டைச் சுட்டான். டிட். தண்ணீர் பாட்டிலைச் சுட்டான். டிட்.

"எண்ணெ பட்டா படிக்குங்களா?" என்று கேட்டாள்.

"மேடம், எங்கூர்ல ஒரு அரிசி மண்டில ரெண்டு வருஷமா ஓடுது. அம்மாந்தூசி. ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல."

அரிசித் தூசி எண்ணெய் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அதற்குமேல் கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பானோ என்று விட்டுவிட்டாள். லேபிள் அச்சடிக்கும் சின்ன மெஷினும் இரண்டு காகிதச் சுருளும் சும்மாவே கொடுத்தான். கமலக்கண்ணனுக்கு ஒயர் வைத்ததுதான் பிடித்தது. "ஜன்னல் இங்கதான இருக்குது? துப்பாக்கி எங்கம்மா நடந்து போவப்போவுது?"

அவளும் அதையே எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதம் இப்போது நீல ஃபைலில், ஜி.எம். மேசையில் இருக்கிறது. பூஜை முடிந்ததும் அதில்தான் முதல் கையெழுத்து. நல்ல நாளில் புதுச் சாமான். சோதனைக்காகத் திங்கட்கிழமையிலிருந்தே ரெஜிஸ்டரை மூடிவிட்டார்கள். கொடுப்பதும் வாங்குவதும் ராஜேஷ்குமார் விட்டுப்போன துப்பாக்கி வழியாகத்தான்.

எட்டு.

அவள் மறுபடியும் எண்ணினாள். பலகையில் ஒன்பது கொக்கிகள், எட்டுச் சாவிகள். தட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். மேசைக்கு அடியில் பார்த்தாள். டீசல் வாளியில் கைவிட்டுத் துழாவினாள். எட்டுதான்.

எந்த லேத்தின் சாவி வரவில்லை? திரையைக் கேட்டால் ஒன்பது பேரும் தரவில்லை என்றது. சாவிகளோ ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல ஒரே ஜாடை. நம்பர் இருந்ததெல்லாம் அந்த லேபிளில்தான். ஜன்னலில் நின்றவர்களைக் கேட்டாள். "நான் குடுத்தாச்சு." "நான் மொதல் ஆளு." "நம்ம பையன்கிட்ட குடுத்து உட்டேன், குடுக்கலியா?" ஒன்பது பேரும் கொடுத்துவிட்டார்கள். எட்டுச் சாவிதான் வந்திருக்கிறது.

பத்து மணி பத்து. டூல் ரூம் சூப்பர்வைசர் வெங்கடசாமி வேகமாக வந்தார். பேரிகைக்காரர், அவசரம் வந்தால் தெலுங்கு முந்திக்கொள்ளும். நெற்றியில் மூன்று விரல் விபூதி. விபத்துக்குப் பிறகு வந்த விதிப்படி, சக் கீ எல்லாம் வந்துவிட்டது என்று ஸ்டோர் சொன்னால்தான் அவர் மெஷின் ஓட்ட அனுமதி தர வேண்டும்.

"ஏமம்மா, ஆச்சா? குருக்கள் வந்துட்டார். ஓகே சொல்லு."

"ஒண்ணு கொறையுது சார்."

"எங்கயாச்சும் இருக்கும். கழுவற எடத்துல கெடக்கும். சாயந்திரம் தேடிக்கலாம். இப்போ வந்துச்சுன்னு போடு."

வந்துச்சுன்னு போடு. அவள் கை தானாகவே மேசைமேல் பேனாவைத் தேடியது. அதைப் பார்த்து அவளுக்கே பயம் வந்தது.

ஜன்னலை விட்டு எழுந்து அவர் பின்னாலேயே ஓடினாள்.

டூல் ரூமை அடையாளமே தெரியவில்லை. ஒவ்வொரு லேத்துக்கும் இரண்டு பக்கம் வாழைக்கன்று, மேலே மாவிலைத் தோரணம். சக்குகளின்மேல் சாமந்தி மாலைகளைச் சரம் சரமாகப் போட்டிருந்தார்கள். மஞ்சள் பூவுக்கு அடியில் இரும்பு எது, சாவி எது என்று தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். ஒன்பது பூக்குவியல்கள். அவற்றில் ஏதோ ஒன்றுக்குள் அது நின்றுகொண்டிருக்கலாம். அல்லது எங்குமே இல்லாமல், கழுவுகிற இடத்து மண்ணில் கிடக்கலாம். அப்படிக் கிடந்தால் இந்தப் பூஜையை நிறுத்திய பெண் என்று கிழவியாகும்வரை பேசுவார்கள்.

"சார், மாலைய மட்டும் தூக்கிப் பாத்துடலாம் சார். அஞ்சு நிமிஷம்."

"சாமிக்குப் போட்ட மாலைய எடுக்கறதா? உனக்கு எங்க..." வெங்கடசாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். மீதியை அவள் கேட்டுவிட்டாள்.

"பாப்பாவுக்குப் பொரி லேட்டாவுது போல" என்றான் யாரோ ஒருவன். மணி அடிக்க ஆரம்பித்தது. சூடத் தட்டு முதல் லேத்தைத் தாண்டி இரண்டாவதற்குப் போனது. ஜி.எம். கண்ணை மூடிக் கை கூப்பியிருந்தார். ஒன்பது பேர் ஒன்பது பச்சைப் பொத்தான்களின் முன்னால் நின்றார்கள். இரண்டாம் லேத்தின் முன்னால் சின்னராஜ். லேசான வேலைக்கு என்று போன வாரம்தான் திரும்பியிருந்தார். வலது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார்.

பத்து இருபத்திரண்டு. பூசணிக்காய் வந்துவிட்டது.

ஃபெபா சுவரோரம் நடந்தாள். நடப்பது அவள்தானா என்றே தெரியவில்லை. தண்ணீருக்கடியில் நடப்பதுபோல எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்டது. மெயின் சுவிட்சின் கைப்பிடி கனமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

மின்விசிறிகள் நின்றன. விளக்குகள் அணைந்தன. குருக்களின் மணியும் பாதியில் நின்றது.

"யாருடா அது?" என்றார் வெங்கடசாமி. பார்த்துவிட்டு, "பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு?" என்றார்.

"ஒரு சக் கீ வரல. எட்டுதான் இருக்குது." அவள் குரல் அவளுக்கே சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது.

"அதான் வந்துருக்கும், டிக் போடுன்னேனே!"

"அப்படி டிக் போட்டதாலதான் சார் சின்னராஜ் அண்ணனுக்கு அடிபட்டுச்சு. ஆடி மாசம் ஒம்போது டிக்கும் நான்தான் போட்டேன். பாக்காம போட்டேன். அந்த அண்ணன் எடுக்கல."

சூடம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கமலக்கண்ணன் ஜி.எம். முகத்தைப் பார்த்தார், ஜி.எம். அவளைப் பார்த்தார். அவளோ சின்னராஜைத் தவிர எல்லாரையும் பார்த்தாள்.

முதலில் அசைந்தது சின்னராஜ்தான். இடது கையால் தன் லேத்தின் மாலையைக் கழுத்திலிருந்து கழற்றுவதுபோல மெதுவாகத் தூக்கினார். வெறும் சக். "எடுங்கடா" என்றார். "சாமி ஒண்ணும் கோச்சுக்காது. அதுக்கும் கை காலு இருக்குது."

ஒவ்வொரு மாலையாக எழுந்தது. ஒன்றாம் லேத், மூன்று, நான்கு. ஒன்றும் இல்லை. ஐந்து, ஆறு. இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டுவதா, இருக்கட்டும் என்று வேண்டுவதா? அவளுக்குத் தெரியவில்லை.

ஏழில் சம்பங்கி மாலையைத் தூக்கினான். அது வரவில்லை; எதிலோ மாட்டியிருந்தது. மறுபடியும் இழுத்தான். பூ உதிர்ந்தது. சக்கின் மேல்பக்கம் சாவி நேராக நின்றது, குறுக்குக் கைப்பிடிக்கும் சேர்த்துச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு.

சம்பங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "வழுக்கினே இருந்துச்சுப்பா... டீசல் போட்டுக் கழுவுனது, மாலை நிக்கவே மாட்டேங்குது. கொக்கி மாதிரி இருக்கட்டும்னு சொருவுனேன். பூ கட்டி முடிச்சுட்டு உருவலாம்னு... ஜன்னல்ல நான் குடுத்தது எதிர்த்த லேத்துக்காரன் சாவியா?" தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். அவனுக்கு நேர் எதிரே நின்ற எட்டாம் லேத்துக்காரர் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

பத்து முப்பத்தொன்று. "ராகு காலம் வந்துருச்சு" என்றார் குருக்கள், யாரையும் குறை சொல்லாமல்.

"பன்னெண்டுக்கு மேல ஓட்டிக்கலாம்" என்றார் ஜி.எம். "நீ ரூமுக்கு வாம்மா."

அறையில் நீல ஃபைல் திறந்தே கிடந்தது. கமலக்கண்ணன் அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "ஒரு துப்பாக்கி வாங்கச் சொன்னா ஊரையே சுட்டுட்டியேம்மா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சார், அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க" என்றாள் ஃபெபா. "நான் எழுதுனது தப்பு. மேசை மேல வெச்சுப் பாத்துட்டு எழுதிட்டேன். பேப்பர் லேபிளு டீசலுக்குத் தாங்கல. நம்ம இன்ஸ்பெக்‌ஷன்ல பார்ட்டு மேல லேசர்ல புள்ளி புள்ளியா சதுரம் போடறாங்கல்ல, அது மாதிரி சாவி மேலயே போட்டா அழியாது. அத ஒயர் துப்பாக்கி படிக்காது, ரெண்டாவதுதான் படிக்கும். அதுவும் ஜன்னல்லயே கெடந்தா ஆகாது. மெஷின் கிட்டப் போயி, சாவி சக்குல இல்லாம கையில இருக்குதான்னு பாத்துச் சுடணும்."

"இது நிச்சயமா?"

நிச்சயம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நன்றாக இருக்கும்.

"தெரியாது சார். டீசல்ல முக்கி, எண்ணெல போட்டு, ஒரு வாரம் பாத்துட்டு எழுதறேன். அதுவரைக்கும் ரெஜிஸ்டரே இருக்கட்டும். நான் கண்ணால பாத்து எழுதறேன்."

ஜி.எம். ஃபைலை மூடினார். "அந்த மெமோ விஷயம். நீ எழுதிக் குடுத்தா உம்மேல என்கொயரி வரும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"திங்கக்கிழமை பேசலாம்" என்றார். நல்ல குரலா கெட்ட குரலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஸ்டோருக்குத் திரும்பி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். ராஜேஷ்குமாரிடமிருந்து போன் வந்தது. "மேடம், ஹேப்பி ஆயுத பூஜா! ஆர்டர் ஆச்சுங்களா?"

"இல்லைங்க. ரெண்டாவத எடுத்துக்கினு அடுத்த வாரம் வாங்க. பழைய சட்டை போட்டுக்கினு வாங்க."

எழுத ஆரம்பித்தாள். தேதி எழுதினாள். இரண்டாவது வரியில் பேனா நின்றது. ஜன்னலில் நிழல் விழுந்தது, சின்னராஜ்.

"அண்ணா..." என்றாள்.

அவர் உள்ளே பார்க்காமல் சாவிப் பலகையைப் பார்த்தபடி பேசினார். "ரெண்டரை மாசம். எம் பொண்டாட்டியே கேட்டா, நீ எடுக்கலன்னா அது எப்படி வந்துச்சுன்னு. கடைசில எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நாந்தான் எடுத்து மறந்துட்டனோன்னு. படுத்துக்கினு அதையே நெனச்சேன்."

ஃபெபா தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவை எடுத்தாள்.

"எழுதறியா?"

"எழுதிக்கினே இருக்கறேன்ணா."

"எழுதி முடிச்சதும் எனக்கு ஒரு ஜெராக்ஸ் குடு" என்றார். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்கு அந்தத் தாளை ஜி.எம். மேசையில் வைத்துவிட்டு டூல் ரூமுக்கு வந்தாள். மாலைகளைச் சக்கிலிருந்து எடுத்து மெஷின் தலைப்பக்கம் போட்டிருந்தார்கள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சம்பங்கி சக்கிலிருந்து உருவிய சாவியோடும், மற்ற எட்டுப் பேர் ஸ்டோர் பலகையிலிருந்து எடுத்த ஆளுக்கொரு சாவியோடும் அவரவர் லேத்துக்கு முன்னால் நின்றார்கள். வெங்கடசாமி மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவளைப் பார்த்தார்.

"ம், சொல்லும்மா" என்றார். "நீ சொல்லாம தொட மாட்டேன்."

"சாவியோட கையத் தூக்குங்க" என்றாள்.

"ஸ்கூல் அட்டெண்டன்ஸாட்டம் இருக்குதே" என்று எவனோ முனகினான். ஆனாலும் தூக்கினான். அவள் ஒன்றாம் லேத்திலிருந்து நடந்தாள். பேனா இல்லை, ரெஜிஸ்டர் இல்லை. சாவியைப் பார்த்தாள், சக்கைப் பார்த்தாள், அடுத்த லேத்துக்குப் போனாள். சம்பங்கி சாவியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்தியிருந்தான். நடந்துகொண்டே வாய்க்குள் எண்ணினாள். அவசரப்படவில்லை.

ஒன்பதாவது கையைப் பார்த்துவிட்டு அவள் திரும்பித் தலையசைத்த பிறகுதான் வெங்கடசாமி மெயினைப் போட்டார்.